கொடுத்து வைத்தவன்

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. இது எந்தச் சிப்பாய் கைக்குப் போகிறதோ அவர் நலமாக இருந்து, போர் முடிந்து பத்திரமாகத் தன் வீட்டாரிடம் திரும்பட்டும் என்று வாழ்த்தி எழுதியிருந்தது. கீழே ஒரு பெண்ணின் பெயர், ஈவ்லின் கிப்ஸன். ஊர், மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பன்பரி.

வருடம் 1915. இடம், துருக்கியின் கலிபோலி தீபகற்பம். கடலோரக் குன்றுகளில் வெட்டிய பதுங்குகுழிகளில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள். ஊரிலிருந்த பெண்கள் பின்னி அனுப்பும் ஒரு சாக்ஸுக்கு அங்கே என்ன மதிப்பு என்பது நமக்குச் சட்டென்று விளங்காது. பூட்ஸைக் கழற்றாமல் நாள்கணக்கில் காவல் நிற்க வேண்டும். தண்ணீர் கப்பலில் வந்து, பீப்பாயில் இறங்கி, கோவேறு கழுதை முதுகில் ஏறி, கடைசியில் ஆள் தோளில் குன்றேறும். குடிக்கவே அளந்துதான் கிடைக்கும். குளியல் என்றால் குண்டு விழும் கடலில் இறங்க வேண்டும். உடுப்பின் தையல் ஓரமெல்லாம் பேன். ஜாம் தடவிய பிஸ்கட்டை வாயில் போடும் முன் ஈ மொய்த்துக் கருப்பாகிவிடும். அந்த ஈ சற்றுமுன் எந்தப் பிணத்தில் உட்கார்ந்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் சுத்தமான ஒரு ஜோடி சாக்ஸ் வந்து சேர்கிறது.

பன்பரிப் பக்கத்து ஆள் யாராவது உண்டா, இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று அந்த இளைஞன் சக சிப்பாய்களை விசாரித்தான். தெரியும் என்றான் ஒருவன். அழகான பெண், நல்ல குடும்பம் என்றும் சொன்னான். அந்தப் பெயரை மனசில் முடிந்து வைத்துக்கொண்டான் இளைஞன்.

பிற்பாடு அறுபது வருடம் கழித்து இதையெல்லாம் எழுதியவர் ஆல்பர்ட் பார்னெட் ஃபேஸி. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத பெயர். விக்டோரியா கிராஸ் வாங்கியவரும் இல்லை, படைத் தளபதியும் இல்லை. கடைசிவரை சாதாரணச் சிப்பாய். போருக்கு முன் பண்ணைக் கூலி. போருக்குப் பின் டிராம் ஓட்டினார், கோதுமை விதைத்தார், கடன்பட்டார், மறுபடி டிராம் ஓட்டினார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 1981-இல், 86 வயதில், அவர் எழுதிய 'எ ஃபார்ச்சுனேட் லைஃப்' வெளிவந்தது. அது அந்த நாட்டில் லட்சக்கணக்கில் விற்றது. தலைப்பைத் தமிழில் சொல்வதானால் எனக்கு ஒரே ஒரு தொடர்தான் தோன்றுகிறது: கொடுத்து வைத்த வாழ்க்கை.

அந்த மனிதர் பட்ட பாட்டைப் படித்துவிட்டு இந்தத் தலைப்பைத் திரும்பிப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. நம் வீடுகளில் கொடுத்து வைத்தவன் என்று சொல்வது சொந்த வீடும் நல்ல சம்பளமும் தேடி வந்த சம்பந்தமும் உள்ள ஆளை. இவர் கணக்கு வேறாக இருந்திருக்கிறது. அது என்ன கணக்கு என்று புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எட்டு வயதுக் கூலி

ஃபேஸி பிறந்தது 1894 ஆகஸ்ட் 31, விக்டோரியா மாநிலத்தின் மெய்ட்ஸ்டோனில். மேற்கே தங்கம் கிடைக்கிறது என்று ஆஸ்திரேலியாவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய காலம் அது. அப்பாவும் கிளம்பினார், போன இடத்தில் டைபாய்டு வந்து இறந்துபோனார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். அம்மா பின்னாலேயே மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் அங்கேயே மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள அவர் வரவே இல்லை. பாட்டிதான் வளர்த்தார். கையில் காசில்லாத அந்தக் கிழவி 1899-இல் பேரப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கப்பலேறி, தங்கவயல் ஊரான கால்கூர்லியில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஃபேஸி தன் வாழ்க்கையில் யாருக்காவது கோவில் கட்டியிருந்தால் அது இந்தப் பாட்டிக்காகத்தான் இருந்திருக்கும்.

1902-இல் அந்தக் குடும்பம் விக்கெப்பின் என்ற ஊர்ப் பக்கத்தில் காட்டு நிலம் வாங்கிக் குடிபோனது. ரயில் நின்ற நாரோஜின் ஊரிலிருந்து நடைதான். காட்டை வெட்டினால்தான் விளைச்சல், விளைந்தால்தான் சாப்பாடு. வாய் அதிகம், வருமானம் இல்லை. எட்டு வயதுப் பையனை அடுத்த பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

போன இடம் கேவ் ராக் என்ற பண்ணை. அங்கிருந்தவர்கள் குதிரை, மாடு திருடிப் பிழைப்பவர்கள் என்பது பையனுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. விடியும் முன் எழ வேண்டும், இருட்டிய பிறகுதான் படுக்கை. சம்பளம் கண்ணில் படவில்லை. ஒருநாள் குடிவெறியில் இருந்த ஒருவன் மாட்டுச் சாட்டையால் அவனை அடித்தான். சாட்டை கழுத்திலும் முதுகிலும் சதையைப் பிய்த்துக்கொண்டு போனது. காயம் ஆற வாரக்கணக்கில் ஆயிற்று. தழும்பு ஆயுசுக்கும் நின்றது. நடக்க முடிந்ததும் பையன் காடு வழியே தப்பி ஓடினான்.

பக்கம் பக்கமாக இதை வாசிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்த அடியைக் காட்டிலும் அதைச் சொல்லும் குரல். அழுகை இல்லை, சாபம் இல்லை. நடந்தது இது, அடுத்து நான் செய்தது இது என்று போய்க்கொண்டே இருக்கிறார். நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி தன் இளமைக் கஷ்டத்தைச் சொல்லும் தாத்தாக்களின் குரல் அது. அனுதாபம் கேட்காத குரல்.

பண்ணை பண்ணையாக மாறினான். நல்லவர்களும் வாய்த்தார்கள், தத்து எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்ட தம்பதிகூட உண்டு. படிக்கவும் எழுதவும் தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டான். பதினான்கு வயதில் வடமேற்கு வறண்ட நிலத்தில் மாட்டு மந்தை ஓட்டும் கூட்டத்தோடு போனபோது, மாடுகள் மிரண்டு சிதறியதில் வழி தவறினான். நாள்கணக்கில் தனியாக அலைந்து சாகக் கிடந்தவனைக் கண்டெடுத்துச் சோறும் தண்ணீரும் கொடுத்து, கூட்டத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். பிறகு ரயில் பாதை போட்டான், அணைக்கு மண் வெட்டினான், கிணறு தோண்டினான். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துக் குத்துச்சண்டை காட்டும் குழுவில் சேர்ந்து மேடையேறினான். இப்படித் திரிந்துகொண்டிருக்கும்போதுதான் 1914 ஆகஸ்டில் உலகப்போர் வெடித்தது.

நூற்று நான்கு நாள்

1915 ஜனவரியில் ஃபேஸி ராணுவத்தில் பெயர் கொடுத்தார். உடம்பு கல் மாதிரி. சிப்பாய்க்கு நாள் சம்பளம் ஆறு ஷில்லிங். அதில் ஒரு ஷில்லிங்கைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து போகும்போது தருவார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் வாங்கியதைவிட இது பல மடங்கு. சேர்ந்தது 11-வது பட்டாலியன், மேற்கு ஆஸ்திரேலியாவில் திரட்டிய முதல் காலாட்படைப் பிரிவு. 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் கலிபோலிக் கரையில் முதலில் இறங்கிய படைகளில் அதுவும் ஒன்று.

அந்தக் கரைக்கு 'ஆன்ஸாக் கோவ்' என்று பிறகு பெயர் வந்தது. மணல் கொஞ்சம், உடனே செங்குத்தான குன்று, முள் புதர், பள்ளத்தாக்கு. மேலே துருக்கியர். கருங்கடலுக்குப் போகும் டார்டனெல்ஸ் நீரிணையைப் பிடித்து, கான்ஸ்டாண்டினோப்பிளை வளைத்து, துருக்கியைப் போரிலிருந்து வெளியேற்றுவது லண்டனில் போட்ட திட்டம். எட்டு மாதத்தில் ஆஸ்திரேலியர் முன்னேறிய தூரத்தை ஒருவர் காலை நடையில் முடித்துவிடலாம். செத்த ஆஸ்திரேலியர் 8,100-க்கும் மேல். தன் மண்ணைக் காத்து நின்ற துருக்கியப் படையில் இறந்தவர்கள் 80,000-க்கும் மேல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் குன்றில் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். முதல் நாளே கரையிறங்கிய மலைப் பீரங்கிப் படையும் இந்தியப் படை. சீக்கியரும் கூர்க்காக்களும் அங்கே போரிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்த மண்ணிலேயே கிடக்கிறார்கள். ஃபேஸி குடித்த தண்ணீரில் எவ்வளவோ இந்தியக் கைகள் தூக்கிக் கொடுத்தது.

மே 19 அதிகாலையில் துருக்கியப் படை நாற்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டு குன்று நெடுக மோதியது. காலை முடிவதற்குள் மூவாயிரம் துருக்கியர் இரு தரப்புக் குழிகளுக்கும் நடுவே செத்துக் கிடந்தார்கள். வெயில் ஏற ஏற அந்த நாற்றத்தை இரண்டு பக்கத்தாலும் பொறுக்க முடியவில்லை. மே 24-ஆம் தேதி காலை ஏழரையிலிருந்து மாலை நாலரை வரை சண்டையை நிறுத்தி, இரு தரப்பு ஆட்களும் ஒரே திடலில் நின்று பிணங்களைப் புதைத்தார்கள். சிகரெட் மாற்றிக்கொண்டார்கள். மாலை ஆனதும் அவரவர் குழிக்குத் திரும்பி மறுபடி சுட ஆரம்பித்தார்கள்.

ஜூன் இறுதியில், தெற்கு முனையில் நடந்த பிரிட்டிஷ் தாக்குதலுக்குத் துணையாக, 11-வது பட்டாலியனைக் குழியை விட்டு வெளியே அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் ஃபேஸியின் அண்ணன் ராய் ஷெல் விழுந்து இறந்தார். புதைத்தவர்களில் தம்பியும் ஒருவர். உடம்பு முழுசாகக் கிடைக்கவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இன்னொரு அண்ணன் ஜோசஃபும் கலிபோலியிலேயே மாண்டார். சின்ன வயதில் பிரிந்து, ஆளுக்கொரு பண்ணையில் வளர்ந்து, அப்போதுதான் ஒருவரை ஒருவர் அண்ணன் தம்பியாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்திருந்தவர்கள்.

போரில் எது கொடுமை என்று கேட்டால் ஃபேஸியின் பதில் பேயனெட் தாக்குதல். தூரத்திலிருந்து சுடும்போது சாவது யார் என்று தெரியாது. துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்க் குத்தும்போது எதிராளியின் முகம் தெரியும், கண் தெரியும். அந்தக் கண்கள் பிறகும் தன்னை விடவில்லை என்கிறார். கடவுள் இருக்கிறார் என்ற நம்பிக்கை அங்கேதான் அவரை விட்டுப் போனது. பாட்டி சொல்லிக் கொடுத்த பக்தி அது. கோபப்பட்டு உதறவில்லை. இவ்வளவையும் பார்த்த பிறகு தன்னால் நம்ப முடியவில்லை என்று மட்டும் சொல்கிறார்.

ஆகஸ்ட் 19 அன்று அவரைக் கலிபோலியிலிருந்து கப்பலேற்றினார்கள். ஷெல் விழுந்து மணல்மூட்டைகள் மேலே சரிந்து புதைந்துபோனதாகவும், உள்ளுக்குள் அடிபட்டதாகவும், தோளில் குண்டு பாய்ந்ததாகவும் எழுதுகிறார். அந்த வருடம் முடிவதற்குள் ஊர் திரும்பியாகிவிட்டது. அவருடைய போர் முடிந்தது.

ஏட்டில் இருக்கும் தேதி

ஒரு சங்கடமான விஷயத்தை இங்கே எழுதியாக வேண்டும். தான் ஏப்ரல் 25 அன்று, முதல் நாள், முதல் இறக்கத்திலேயே கரையில் கால் வைத்ததாக ஃபேஸி எழுதியிருக்கிறார். ராணுவ ஏடு அப்படிச் சொல்லவில்லை. அவர் கலிபோலியில் தன் பட்டாலியனோடு சேர்ந்தது மே 7 என்கிறது. பன்னிரண்டு நாள் வித்தியாசம். ஆகஸ்டில் அவரைத் திருப்பி அனுப்பியதற்கு ஏடு சொல்லும் காரணமும் இதயக் கோளாறு. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் ஏடுகளை ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகம் ஒன்றுவிடாமல் பொதுப் பார்வைக்கு வைத்திருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஆய்வாளர்கள் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள்.

அவரைப் பொய்யர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மூடி மறைத்துவிட்டுப் புகழ் பாடவும் முடியாது. ஏப்ரல் 25 ஆஸ்திரேலியாவில் ஒரு தேதி மட்டும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த விடியலில் ஊர் ஊராகச் சனம் திரண்டு நினைவுத்தூண் முன் மௌனமாக நிற்கும் நாள். கலிபோலியிலிருந்து வந்தவர் என்றால் எதிரே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, முதல் நாள் இறங்கினீர்களா என்பதாகத்தான் இருக்கும். அறுபது வருடம் அந்தக் கேள்வியை எதிர்கொண்ட ஒருவருக்கு, முதல் நாள் இறங்கிய தோழர்கள் இரவு இரவாகச் சொன்ன கதை தன் நினைவாகவே ஊறிப்போயிருக்கலாம். இது என் ஊகம்தான். நம் பாட்டிகள் 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலைச் சொல்லும்போது, தான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரிக்க முடியாமல் போவதில்லையா?

இதயக் கோளாறு என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். தூக்கமின்மை, பயம், பட்டினி, வயிற்றுக்கடுப்பு எல்லாம் சேர்ந்து துவண்டுபோன சிப்பாய்களுக்கு அந்தக் காலத்து மருத்துவர்கள் அடிக்கடி எழுதிய நோய்ப் பெயர்களில் இதயம் சார்ந்தவை ஏராளம். 'சோல்ஜர்ஸ் ஹார்ட்' என்றே ஒரு பெயர் புழங்கியது. மனம் உடைந்ததை எழுத அப்போது ஏட்டில் கட்டம் இல்லை.

மே 7-லிருந்து ஆகஸ்ட் 19 வரை நூற்று நான்கு நாள். மே மாதத்துப் பெரும் தாக்குதல், பிணம் புதைத்த போர்நிறுத்தம், ராயின் மரணம், ஜூலை கடைசி இரவில் அவர் பட்டாலியன் பிடித்த லீன்ஸ் டிரெஞ்ச், ஆகஸ்ட் 6-இல் அதை மீட்கத் துருக்கியர் நடத்திய எதிர்த்தாக்குதல் என எல்லாம் இந்த நாள்களுக்குள் அடங்கிவிடுகின்றன. விட்டுப்போன பன்னிரண்டு நாளுக்காக இந்த நூற்று நான்கைக் கழித்துவிட முடியாது.

டிராம், கோதுமை, முயல்

பெர்த் நகரம். காயம்பட்டுத் திரும்பிய ஃபேஸி நண்பரோடு தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். எதிரே இரண்டு பெண்கள். பேச்சுக் கொடுக்கிறார்கள். ஒருத்தி தன் பெயரைச் சொல்கிறாள்: ஈவ்லின் கிப்ஸன், சொந்த ஊர் பன்பரி. சாக்ஸில் வந்த பெயர்! கதையில் வந்தால் நம்ப மாட்டோம். அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார், நான் நம்புகிறேன். 1916 ஆகஸ்ட் 24 அன்று பன்பரியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இன்னும் இருபத்திரண்டு முடியவில்லை. சொத்து எதுவும் இல்லை. உடம்பில் போர் விட்டுப்போன நோவு, அதற்காக ஆஸ்பத்திரி வாசம் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது.

பெர்த்தில் டிராம் ஓட்டுநர் வேலை. பிறகு 1922-இல் படைவீரர் குடியமர்த்தல் திட்டத்தில் நிலம் எடுத்து, தான் சிறுவனாக நடந்து போன அதே விக்கெப்பின் பக்கத்துக்கே குடும்பத்தோடு திரும்பினார்.

இந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் இரண்டாவது போர் இதுதான். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அரசுகள் விழித்தன. நிலம்தான் இருக்கிறதே, கடன் கொடுத்துக் குடியேற்றுவோம் என்று முடிவெடுத்தார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடு. கையில் வந்த நிலம் பல இடங்களில் ஒரு குடும்பம் பிழைக்கப் போதாத துண்டு. பாதி இன்னும் காடு. கைமுதல் கிடையாது. விதை, வேலிக் கம்பி, குதிரை, கலப்பை எல்லாமே கடன். விவசாயமே தெரியாதவர்கள் பலர். தெரிந்தவர்களிலும் போரில் உடம்பை இழந்தவர்கள் பலர். 1929-இல் நீதிபதி பைக் இந்தத் திட்டத்தின் நட்டத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருந்தது. முதல் இல்லாமை, சின்னத் துண்டு நிலம், விலைவீழ்ச்சி என்று அவர் சொன்ன காரணங்களைக் காவிரி டெல்டா விவசாயி ஒருவரிடம் படித்துக் காட்டினால், இதைச் சொல்ல ஒரு நீதிபதி வேண்டுமா என்பார்.

ஃபேஸிக்கு விவசாயம் தெரியும். காடு வெட்டுவதில் அவர் எட்டு வயதிலேயே தேறியவர். ஈவ்லினும் சளைத்தவர் இல்லை. பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தன, மொத்தம் ஏழு. ராத்திரி பயிரைச் சுத்தமாக மேய்ந்துவிட்டுப் போகும் முயல் கூட்டத்தோடு ஒருபக்கம் மல்லுக்கு நின்றார்கள். மறுபக்கம் 1930 வந்தது. உலகப் பொருளாதாரமே சரிந்த அந்த வருடத்தில் கோதுமை விலை பாதாளத்துக்குப் போனது. அரசோ இன்னும் அதிகம் விதையுங்கள் என்று பிரசாரம் செய்தது, விதைத்தார்கள், விளைந்தது, மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோன செலவுக்கே வந்த காசு போதவில்லை. பன்னிரண்டு வருட உழைப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு 1934-இல் குடும்பம் பெர்த் திரும்பியது. மறுபடி டிராம்.

இங்கே ஒருவர் நொந்துபோய் உட்கார்ந்திருக்கலாம். ஃபேஸி தொழிற்சங்கத்தில் இறங்கினார். டிராம், பஸ், ஆற்றுப்படகுத் தொழிலாளர் சங்கத்தில் தலைவர் பதவிவரை வந்தார். 1940-களில் பெர்த் ரோடு போர்டு என்ற உள்ளாட்சி மன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எட்டு வயதில் சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றப்பட்ட பையன், பிறருடைய சம்பளத்துக்காக மேசையில் எதிரே உட்கார்ந்து பேசினார்.

பார்னி

இரண்டாம் உலகப்போர் வந்தபோது மகன்கள் சேர்ந்தார்கள். அப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பேயனெட் என்றால் என்னவென்று தெரிந்த அப்பா. மூத்தவர் பார்னிக்கு அப்பாவின் பெயரேதான் முழுப்பெயர். அவர் போன இடம் சிங்கப்பூர்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆஸ்திரேலியர் மட்டும் சுமார் பதினைந்தாயிரம் பேர் கைதானார்கள். பார்னியைப் பற்றி வீட்டுக்கு முதலில் வந்தது, காணவில்லை என்ற ஒற்றைச் சொல். கைதியாக இருப்பான் என்று நம்பலாம். நம்பினால் அடுத்த பயம் தொடங்கும். ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட ஆஸ்திரேலியக் கைதிகளில் சுமார் 2,800 பேர் அங்கேயே செத்தார்கள். அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் எண்ணிக்கைகூட ஒழுங்காகக் குறிக்கப்படாமல் மடிந்தார்கள். வீடுகளுக்கு எந்தச் செய்தியும் கிடையாது. பெர்த்திலும் காத்திருந்தார்கள், கோலாலம்பூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்ட லயங்களிலும் காத்திருந்தார்கள்.

பார்னி சிங்கப்பூரிலேயே குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார். அது உறுதியாகத் தெரியவர வருடங்கள் ஆயின. ஈவ்லினின் உடம்பு அதிலிருந்துதான் இறங்க ஆரம்பித்தது என்கிறார் ஃபேஸி. கலிபோலியில் விட்டுப்போன கடவுள் பிறகு அவரிடம் திரும்பவே இல்லை.

இருபது பிரதி

வேலையில் இருந்து ஓய்வு, பேரப் பிள்ளைகள், வயதான தம்பதியின் சாயங்காலங்கள் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. நானும் அதைத் தாண்டிப் போகிறேன். 1976 ஆகஸ்ட் 3 அன்று ஈவ்லின் இறந்தார். அறுபதாவது மணநாளுக்கு மூன்று வாரம் பாக்கி. சாட்டையடியையும் சகோதரர் சாவையும் ஒரே மாதிரிச் சமநிலையில் எழுதிவந்த கை இந்த இடத்தில் மட்டும் தடுமாறுகிறது. எத்தனை வருடம், எத்தனை மாதம், எத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தோம் என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார்.

அவர் எழுத ஆரம்பித்தது அதற்கு முன்னாலேயே. கதை சொல்லுங்கள் என்று கேட்ட பிள்ளைகளும் பேரன் பேத்திகளும், எழுதி வையுங்கள் என்று ஈவ்லினும் தூண்ட, கோடு போட்ட நோட்டுகளில் கையால் எழுதினார். ஒருமுறை எழுதி முடித்ததை மறுபடி முதலிலிருந்து எழுதினார். பள்ளிக்கூடம் பாராத கை. எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறி இல்லாத நீண்ட ஓட்டமுமாகப் பக்கங்கள் சேர்ந்தன. இலக்கியம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பாட்டி பெயர் தெரியாமல் போய்விடக் கூடாது, ராய் எப்படிச் செத்தான் என்பது போய்விடக் கூடாது, அந்த அளவுதான்.

ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் ஃப்ரீமாண்டில் ஆர்ட்ஸ் சென்டர் பிரஸ் என்று ஒரு சின்னப் பதிப்பகம். மேற்கு ஆஸ்திரேலிய எழுத்தை வெளியிடுவதற்காகத் தொடங்கப்பட்டது. 1979-இல் ஃபேஸியின் கையெழுத்துப் பிரதி அங்கே போனது. அவர் கேட்டது அச்சடித்துத் தரும் வேலை மட்டும். வீட்டாருக்குக் கொடுக்க இருபது பிரதி போட்டுத் தர முடியுமா என்று.

பதிப்பாசிரியர்கள் படித்தார்கள். பிறகு இருபது என்ற பேச்சே எழவில்லை. அவர் குரல் கலையாமல் செப்பனிட்டு 1981-இல் வெளியிட்டார்கள். விருதுகள் வந்தன. பள்ளிப் பாடமானது. 1986-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அந்தக் கடன் நிலத்தில் ஃபேஸி குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பின்னாளில் அப்படியே பெயர்த்து விக்கெப்பின் ஊருக்குள் கொண்டுவந்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள்.

இதில் பெரும்பாலானவற்றைப் பார்க்க அவர் இல்லை. புத்தகம் வந்த முதல் சில மாதங்களை மட்டும் பார்த்தார். கண் பார்வை மங்கியிருந்தது, நடை தளர்ந்திருந்தது. 1982 பிப்ரவரி 11 அன்று, 87 வயதில் ஆல்பர்ட் ஃபேஸி இறந்தார். வீட்டாருக்கு வேண்டியிருந்த அந்த இருபது பிரதிகளும் அதற்குள் கிடைத்துவிட்டிருந்தன.